மினமோட்டோ – தைரா: இரண்டு குலங்களின் போரா, பங்காளிச் சண்டையா?

#1 கீற்றோவியம்

எல்லோருக்கும் வணக்கம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சாஞ்சோ அரண்மனை மீது இரவுத் தாக்குதல்' சுருள் ஓவியத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உயரம் ஒரு முழம்கூட இல்லை, 41 செ.மீ.தான். நீளம் 7 மீட்டர். வலமிருந்து இடமாகப் பார்த்துப் போக வேண்டும். முதலில் மாட்டு வண்டிகள் முண்டியடித்து ஓடுகின்றன. ஒரு சக்கரத்தின் அடியில் ஆள் சிக்கியிருக்கிறார். பிறகு அரண்மனை எரிகிறது. அந்தத் தீயை இவ்வளவு உயிரோடு வரைந்த இன்னொரு ஓவியத்தை நான் பார்த்ததில்லை. கிணற்றுக்குள் பெண்கள் ஒருவர் மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். கடைசியில் குதிரைப்படை வெளியேறுகிறது. நீண்ட கத்திகளின் நுனியில் இரண்டு தலைகள்.

என் கேள்வி இதுதான். இது மினமோட்டோ, தைரா என்ற இரண்டு குலங்கள் மோதிய காலம் என்று படித்தேன். மினமோட்டோவுக்கு வெள்ளைக் கொடி, தைராவுக்குச் சிவப்புக் கொடி என்றும் படித்தேன். இந்த ஓவியத்தில் யார் எந்தப் பக்கம் என்று எப்படி அடையாளம் காண்பது? தேடித் தேடிப் பார்த்தும் எதிர்ப்படை என்று ஒன்றே கண்ணில் படவில்லை.

#2 பழங்கணக்கு

எதிர்ப்படை அங்கே இல்லை நண்பரே, அதனால்தான் கிடைக்கவில்லை. இது 1159ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் நடந்த ஹெய்ஜி கலகம் (இன்றைய நாட்காட்டிப்படி 1160 ஜனவரி). தைரா தலைவர் கியோமோரி அப்போது குமானோவுக்கு யாத்திரை போயிருந்தார். ஊரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, புஜிவாரா நோபுயோரி என்ற பிரபுவும் மினமோட்டோ யோஷிடோமோவும் சேர்ந்து, ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிராகாவாவைச் சிறைபிடித்தார்கள். நீங்கள் பார்க்கும் வீரர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தின் ஆட்கள். செத்துக் கிடப்பவர்கள் காவலர்கள், பணியாட்கள், அரண்மனைப் பெண்கள்.

கியோமோரியின் ஆட்களைப் பார்க்க வேண்டுமானால் அதே தொகுப்பின் இன்னொரு சுருளுக்குப் போக வேண்டும். இந்தத் தொகுப்பில் இன்று மூன்று சுருள்கள்தான் முழுதாக மிஞ்சியிருக்கின்றன. ஒன்று பாஸ்டனில். இன்னொன்று, ஷின்செய் என்ற அரசவை அறிஞர் இறந்தபின் அவர் தலை ஊர்வலமாகப் போகும் சுருள், தோக்கியோவின் செய்காதோ அருங்காட்சியகத்தில். மூன்றாவது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில். சிறையிலிருந்து தப்பி வரும் இளம் பேரரசர் கியோமோரியின் ரொகுஹாரா மாளிகையை அடைவது அதில் இருக்கிறது. மூன்றுமே சம்பவம் நடந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வரையப்பட்டவை.

ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் 'இரண்டு குலங்கள்' என்ற எண்ணத்தைத்தான் முதலில் தள்ளி வைக்கச் சொல்வேன். மூன்று ஆண்டுகள் முன்னால் போய்ப் பாருங்கள். 1156இல் ஹோகென் கலகம். பேரரசர் கோ-ஷிராகாவா ஒரு பக்கம், அவருடைய அண்ணன் சுடோகு மறுபக்கம். கோ-ஷிராகாவா பக்கம் நின்றவர்கள் கியோமோரியும் யோஷிடோமோவும், அதாவது ஒரு தைராவும் ஒரு மினமோட்டோவும். சுடோகு பக்கம் நின்றவர்கள் யோஷிடோமோவின் அப்பா தமெயோஷி, தம்பி தமெடோமோ, கியோமோரியின் சித்தப்பா ததாமாசா. சண்டை முடிந்ததும் கியோமோரி தன் சித்தப்பாவைக் கொன்றார். யோஷிடோமோவின் கையாலேயே அவருடைய அப்பாவுக்கு மரண தண்டனை நிறைவேற்ற வைத்தார்கள். இதை எந்தக் கணக்கில் குலப்போர் என்பது? சுத்தமான பங்காளிச் சண்டை.

#3 கடற்காகம்

பழங்கணக்கு அவர்களே, 1156க்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் அதை வைத்து 1180 முதல் 1185 வரை நடந்த கெம்பெய் போரையும் பங்காளிச் சண்டை என்று சொல்ல முடியாது. ஹெய்ஜி கலகத்தில் யோஷிடோமோ தோற்று ஓடினார். ஓவாரி மாகாணத்தில் தஞ்சம் புகுந்த இடத்தில், குளிக்கும்போது நம்பிக்கைத் துரோகத்தால் கொல்லப்பட்டார். அவர் மகன் யோரிடோமோ அப்போது சிறுவன். கியோமோரியின் சிற்றன்னை கெஞ்சியதால் உயிர் தப்பி, இசுவுக்கு நாடு கடத்தப்பட்டு இருபது ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். பிறகு படை திரட்டினார். தைரா குடும்பத்தைக் கடல் வரைக்கும் விரட்டி அழித்தார். சிறைபிடித்த தலைவன் முனெமோரியின் தலையை வெட்டினார். ஒளிந்திருந்த பிள்ளைகளைக்கூடத் தேடிப் பிடித்தார்கள். அப்பாவைக் கொன்ற வம்சத்தின் மீது மகன் தீர்த்த பழி இது. மக்கள் எண்ணூறு ஆண்டுகளாக இதை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

#4 பழங்கணக்கு

பழி இருந்தது, மறுக்கவில்லை. யோரிடோமோவின் மனதில் என்ன இருந்தது என்பது ஒரு கேள்வி. அவருக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் ஏன் போனார்கள் என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

1180இல் அவர் கொடி தூக்கியபோது கூட நின்றவர்கள் யார் என்று பாருங்கள். மாமனார் ஹோஜோ தோகிமாசா தைரா வழி என்று சொல்லிக்கொண்டவர். மியுரா குடும்பம் தைரா வழி. சிபா ட்சுனேதானே தைரா வழி. கசுசா ஹிரோட்சுனே தைரா வழி. முதல் பெரிய சண்டையான இஷிபாஷியாமாவில் யோரிடோமோவைத் தோற்கடித்து மலைக்குள் விரட்டிய ஓபா காகெசிகாவும் தைரா வழிதான். தோற்று ஒளிந்திருந்தவரைக் கண்டும் காணாமல் விட்டவர் என்று பெயர் வாங்கிய காஜிவாரா காகெதோகியும் தைரா வழி! கிழக்குச் சமவெளியில் கால் வைத்தால் தைரா வழி வந்தவர்கள் மேல்தான் வைக்க வேண்டும், அவ்வளவு பேர்.

இவர்கள் ஏன் ஒரு மினமோட்டோ கைதியின் பின்னால் போனார்கள்? நிலம். அன்றைய பண்ணை நிலங்களின் உச்ச உரிமை கியோட்டோ பிரபுக்களிடமும் பெரிய கோயில்களிடமும் இருந்தது. ஊரில் இருந்து உழைப்பித்து வரி வசூலித்த வீரக் குடும்பத்துக்கு இருந்தது வெறும் நிர்வாகப் பொறுப்புதான். தலைநகரில் ஆட்சி மாறினால் அந்தப் பொறுப்பு பறிபோகலாம். மாகாணத்துக்குப் புதிதாக வரும் ஆளுநர் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடலாம். 1179இல் கியோமோரி ஆட்சியை முழுக்கக் கையில் எடுத்தபோது பல மாகாணங்களில் அப்படித்தான் நடந்தது. யோரிடோமோ என்ன செய்தார்? 'உன் நிலம் உனக்கே' என்று தன் முத்திரையில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அரசுக்கு எதிராகக் கலகம் செய்துகொண்டிருந்த ஒருவர், பேரரசரின் அனுமதி இல்லாமலே பட்டா கொடுத்தார். அந்தத் துணிச்சலுக்குத்தான் ஆள் சேர்ந்தது.

சிபா ட்சுனேதானேயின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவர் குடும்பம் சோமா என்ற நிலத்தை இசே கோயிலுக்கு எழுதிவைத்து, அதன் மேலாண்மையைத் தாங்களே வைத்திருந்தது. 1140களில் அந்த நிலத்தில் அத்துமீறி நுழைந்து உரிமை கொண்டாடியவர் வேறு யாரும் இல்லை, யோரிடோமோவின் அப்பா யோஷிடோமோதான். 1160களில் அதைத் தட்டிப் பறித்தவர்கள் சதாகே குடும்பம். சதாகே மினமோட்டோ வழி. இப்போது 1180க்கு வாருங்கள். புஜிகாவா ஆற்றங்கரையில் தைரா படை சண்டையே போடாமல் பின்வாங்கி ஓடியது. யோரிடோமோ கியோட்டோ வரை துரத்திப் போக நினைக்கிறார். சிபா, மியுரா, கசுசா மூன்று பேரும் தடுக்கிறார்கள்: முதலில் கிழக்கை அடக்குங்கள், சதாகே இன்னும் பணியவில்லை. யோரிடோமோ படையைத் திருப்பிக்கொண்டு போய் சதாகேவை அடித்தார். தைரா வழி வந்தவர்கள் ஆலோசனை சொல்ல, மினமோட்டோ தலைவர் ஒரு மினமோட்டோ குடும்பத்தைத் தோற்கடித்து, அதன் நிலத்தைப் பங்குபோட்டுக் கொடுத்தார். கெம்பெய் போரின் உட்கூடு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் இன்னொன்று. கியோமோரியின் மாற்றாந்தாய் வழித் தம்பி தைரா யோரிமோரி, யோரிடோமோவைக் காப்பாற்றிய அந்தச் சிற்றன்னையின் சொந்த மகன். 1183இல் தைராக்கள் தலைநகரை விட்டு மேற்கே ஓடியபோது அவர் கூடப் போகவில்லை. யோரிடோமோ அவரைத் தன் தலைமையிடமான காமகுராவுக்கு வரவழைத்து உபசரித்து நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார். குலத்தையே அழிக்கக் கிளம்பியவர் செய்யும் வேலையா இது?

#5 நாணொலி

நல்ல விவாதம். சண்டை எப்படி நடந்தது என்ற பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஓவியத்தைப் படிக்க அது உதவும்.

12ஆம் நூற்றாண்டு சாமுராய் என்றால் முதலில் வில்லாளி. 'வில்லும் குதிரையும்' என்பதுதான் அவர்களுடைய தொழிலின் பெயரே. வில் ஆள் உயரத்தைவிடப் பெரியது, இரண்டு மீட்டருக்கு மேல். பிடி நடுவில் இருக்காது, கீழே தள்ளி இருக்கும். குதிரை மேலிருந்து எய்ய அது வசதி. ஓயோரோய் எனும் பெருங்கவசம் 25 முதல் 30 கிலோ. தோல், இரும்புத் தகடுகளை அரக்குப் பூசிப் பட்டு நாடாவால் கோத்துச் செய்தது. தோளில் தொங்கும் பெரிய சதுரப் பலகைகளைக் கவனியுங்கள். வில் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் கேடயம் பிடிக்க முடியாது. அந்தப் பலகைகளே கேடயம். இவ்வளவு எடையையும் சுமந்த குதிரை சிறியது. காமகுராவில் தோண்டி எடுத்த எலும்புகளை அளந்ததில் தோள் உயரம் சராசரியாக 130 செ.மீ. அளவுதான். இன்றைய கணக்கில் மட்டக்குதிரை. முழு வேகத்தில் வெகுதூரம் ஓட அதனால் முடியாது. ஆகவே மிக நெருங்கி, எதிரியைத் தன் இடது பக்கம் வரவைத்து, கவசத்தின் இடைவெளி பார்த்து எய்ய வேண்டும். குதிரை மேல் இருப்பவனுக்கு வலது பக்கம் எய்வது ஏறத்தாழ முடியாத காரியம். அதனால் சண்டை முழுக்க ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வருவதாக இருந்திருக்கும்.

வாள் கடைசித் துணை. குதிரையிலிருந்து விழுந்த பிறகு, கட்டிப் புரண்டு, தலையை அறுக்கக் குத்துவாள். ஏன் தலை? கூலிக்கு அதுதான் சான்று. யார் தலை, யார் எடுத்தது, யார் பார்த்தார்கள் என்று எல்லாம் எழுதி வைப்பார்கள். ஆக, பழங்கணக்கு சொல்லும் நிலப் பட்டாவுக்கும் ஓவியத்தில் கத்தி நுனியில் இருக்கும் தலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

எண்ணிக்கை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. புஜிகாவாவில் தைரா படை எழுபதாயிரம் என்கிறது தைரா குடும்பத்தின் வீழ்ச்சியைப் பாடும் ஹெய்கே கதை. அதே நேரத்தில் கியோட்டோவில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பிரபு குஜோ கனேசானே கேள்விப்பட்டு எழுதியது நாலாயிரத்துச் சொச்சம். அதிலும் நூற்றுக்கணக்கானவர்கள் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டார்களாம். நீர்ப்பறவைகள் சிறகடித்த சத்தத்தைக் கேட்டு மொத்தப் படையும் பயந்து ஓடியது என்ற புகழ்பெற்ற கதையைவிட, ஆள் குறைந்துபோன படை பின்வாங்கியது என்பதே எனக்கு நம்பும்படி இருக்கிறது.

#6 மழைமேகம்

கேள்வி கேட்கலாமா அண்ணா? பெண் வீராங்கனை தோமோயே கோசென் நிஜமா?

#7 நாணொலி

தாராளமாகக் கேளுங்கள். தோமோயே, யோஷினாகாவின் கூட நின்று கடைசிவரை போரிட்டவர் என்று ஹெய்கே கதை சொல்கிறது. யோஷினாகா யோரிடோமோவின் சித்தப்பா பையன். 1183இல் தைராக்களைக் கியோட்டோவிலிருந்து துரத்தியவர் அவர்தான். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே யோரிடோமோ அனுப்பிய படை அவரை அவாசுவில் கொன்றது. மினமோட்டோவை மினமோட்டோ கொன்ற இன்னொரு கணக்கு. ஆனால் காமகுரா அரசின் வரலாறான அசுமா ககாமியில் தோமோயே பெயர் இல்லை. அதில் இடம்பெற்ற வீராங்கனை வேறொருவர்: ஹங்காகு கோசென். 1201இல் எச்சிகோவில் ஒரு கோட்டையைக் காத்து நின்று, அம்பால் எல்லோரையும் வீழ்த்தி, காலில் அம்பு பட்டுப் பிடிபட்டார். அவரும் தைரா வழி. காமகுராவுக்குக் கொண்டுவந்தபோது அசாரி குடும்பத்து வீரர் ஒருவர் கேட்டு மணந்துகொண்டார்.

#8 மைக்கூடு

ஓவியப் பக்கம் நான் சொல்ல விரும்புவது இது. பழங்கணக்கு காட்டும் குழப்பமான போரை 'வெள்ளை எதிர் சிவப்பு' என்று துலக்கிக் கொடுத்தது கதையும் ஓவியமும்தான். அதில் முதல் வேலை பீவா எனும் வீணை போன்ற வாத்தியத்தை மீட்டிப் பாடிய பார்வையற்ற பாடகர்களுடையது. ஹெய்கே கதை ஒரே ஆள் உட்கார்ந்து எழுதிய நூல் இல்லை. பல பத்தாண்டுகள் பலர் பாடி வளர்ந்தது. இன்று எல்லோரும் படிக்கும் வடிவம் 1371இல் காகுயிச்சி என்ற பாடகர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அதன் தொடக்கமே புத்தர் தங்கிய ஜேதவன விகாரையின் மணியோசையும் சால மரத்தின் பூவும்தான். பெருமை கொண்டவர்கள் நிலைப்பதில்லை என்ற ஒரே சரட்டில் கியோமோரியின் வீட்டையே கோத்துவிடுகிறது. அதற்கு ஒரு தெளிவான வீழும் குலம் வேண்டும், ஒரு தெளிவான எழும் குலம் வேண்டும். அந்தத் தேவைக்குச் சிபாவும் சதாகேயும் இடைஞ்சல்.

எடோ காலத்துக்கு (17–19ஆம் நூற்றாண்டு) வந்தால் நிலைமை இன்னும் இறுகிவிடுகிறது. ஆறு மடிப்புத் திரைகள் இரண்டை ஜோடியாக வைத்து, ஒன்றில் இச்சி-னோ-தானி போர், மற்றதில் யாஷிமா போர் என்று வரைவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. தங்க மேகங்கள் முக்கால்வாசித் திரையை மூடியிருக்கும். மேகம் விலகிய இடங்களில் மட்டும் கதையின் புகழ்பெற்ற காட்சிகள்: செங்குத்தான மலைச்சரிவில் குதிரையோடு இறங்கும் யோரிடோமோவின் தம்பி யோஷிட்சுனே, படகில் கட்டிய விசிறியை அம்பால் அடிக்கும் மினமோட்டோ வில்லாளி நாசு நோ யோயிச்சி. மேகத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆட்சியில் இருந்த தோகுகாவா குடும்பம் தங்களை மினமோட்டோ வழி என்று சொல்லிக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனாலும் இதைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வென்றவர்களின் ஆட்சியில், வென்றவர்களின் காசில், தோற்றவர்களுக்காக அழும் கலை இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. இச்சி-னோ-தானி கடற்கரையில் குமகாய் நாவோசானே ஒரு எதிரியைக் குதிரையிலிருந்து தள்ளித் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். உள்ளே தன் மகன் வயதுப் பையன்: தைரா அட்சுமோரி. விட்டுவிட நினைக்கிறார். பின்னால் தன் பக்கத்து ஆட்கள் வருவதைப் பார்த்து, வேறு வழியில்லாமல் தலையை எடுக்கிறார். பையனின் இடுப்பில் புல்லாங்குழல் இருக்கிறது. அந்தத் துயரம் தாங்காமல் குமகாய் துறவியானார் என்கிறது கதை. ஜெயாமி இதை நோ நாடகமாக எழுதினார். பிறகு பொம்மலாட்டம், கபுகி, அச்சுப்படங்கள் என்று கணக்கே இல்லை.

#9 பழங்கணக்கு

மைக்கூடு, குமகாய் பெயரை எடுத்தீர்களே! அசுமா ககாமி அவர் துறவியானதற்கு வேறு காரணம் சொல்கிறது. 1192. இச்சி-னோ-தானி முடிந்து எட்டு ஆண்டுகள். குமகாய்க்கும் அவருடைய உறவினர் குகே நாவோமிட்சுவுக்கும் நில எல்லைத் தகராறு. வழக்கு யோரிடோமோவின் முன்னால் வருகிறது. குமகாய் போர்க்களத்தில் புலி, ஆனால் பேச வராதவர். யோரிடோமோ திரும்பத் திரும்பக் கேள்வி கேட்க, காஜிவாரா காகெதோகி எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று கத்திவிட்டு, கொண்டுவந்த பத்திரங்களை முற்றத்தில் வீசி எறிந்து, வெளியே போய்க் குடுமியை அறுத்துப்போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எல்லை வழக்கில் நியாயம் கிடைக்காத ஒரு கிராமத்து வீரரின் கோபம் அது. அவர் பிறகு ஹோனென் துறவியின் சீடரானதும், ரென்செய் என்று பெயர் மாற்றிக்கொண்டதும் உண்மை.

#10 கடற்காகம்

இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்கலாமே? எட்டு ஆண்டுகள் ஒரு பையனின் முகத்தைச் சுமந்தவர், ஒருநாள் எல்லைக்கல்லுக்காக நடந்த வழக்கில் உடைந்திருக்கலாம். எல்லாவற்றையும் நிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் இந்தப் போரில் செத்தவர்களை நாம் மறந்துவிடுவோம் என்பதுதான் என் கவலை.

நாராவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த கோயில்களின் துறவிப் படைகள் தைராவை எதிர்த்தன. கியோமோரியின் மகன் ஷிகேஹிரா 1181 ஜனவரியில் படையோடு போனார். வைத்த தீ காற்றில் பரவி தோதாய்ஜியையும் கோஃபுகுஜியையும் விழுங்கியது. பெரிய புத்தரின் வெண்கலத் தலை உருகி விழுந்தது. பயந்து மண்டபத்தின் மேல்தளத்தில் ஏறி ஒளிந்திருந்தவர்கள் அங்கேயே வெந்தார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டாவும் கிடைக்கப் போவதில்லை. அதே 1181இலும் அடுத்த ஆண்டிலும் பஞ்சம். காமோ நோ சோமேய் தன் 'ஹோஜோகி'யில் எழுதியிருக்கிறார்: நின்னாஜி கோயில் துறவி ஒருவர் தெருவில் கிடந்த பிணங்களின் நெற்றியில் சித்தம் எழுத்தில் 'அ' என்று எழுதிக்கொண்டே போனார். இரண்டு மாதங்களில், தலைநகரின் ஒரு பாதியில் மட்டும் எண்ணிக்கை 42,300க்கு மேல். நம் எழுத்துகளுக்கு மூலமான பிராமியின் வழிவந்த 'அ'தான் அது. இதைப் படித்த பிறகு எனக்குப் பல நாள் மனம் சரியில்லை.

ஷிகேஹிரா இச்சி-னோ-தானியில் பிடிபட்டார். 1185இல் நாரா துறவிகளிடம் ஒப்படைக்கப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். எரிந்ததை மீண்டும் கட்டும் பொறுப்பை எடுத்தவர் சோகென் என்ற முதிய துறவி. பொறுப்பை ஏற்றபோது அவருக்கு அறுபது வயது. சீனாவின் சொங் நாட்டு வார்ப்பாளர் ஒருவரைக் கொண்டு புத்தர் தலையை மீண்டும் வார்த்தார்கள். 1185இல் அதன் கண்திறப்புச் சடங்கில் கோ-ஷிராகாவாவே தூரிகை பிடித்தார். 1203இல் தோதாய்ஜியின் தெற்கு வாயிலுக்கான இரண்டு காவல் தெய்வங்களை உன்கெய், கைகெய் தலைமையில் சிற்பிகள் செதுக்கினார்கள். ஒவ்வொன்றும் 8 மீட்டருக்கு மேல் உயரம். ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளை இணைத்து 69 நாளில் முடித்தார்கள். இந்தப் போர் தந்த கலையில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், விசிறி அம்பையும் மலைச்சரிவையும் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு சிலைகளைத்தான் சொல்வேன். புடைத்த நரம்பும் பிதுங்கிய கண்ணுமாக நிற்கும் அவற்றைப் படத்தில் பார்த்தாலே போதும், எரிந்த ஊரை மீண்டும் கட்டிய மக்களின் வேகம் தெரியும்.

#11 மழைமேகம்

டான்-னோ-உரா கடற்போரில் செத்த தைரா வீரர்களின் முகம் நண்டுகளின் ஓட்டில் இருக்கிறது, மீனவர்கள் அந்த மாதிரி நண்டுகளைக் கடலில் விட்டுவிட்டதால்தான் முகம் வளர்ந்தது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

#12 மைக்கூடு

நண்டு உண்மை. ஹெய்கே நண்டு என்றே பெயர். ஓட்டில் கோபமான முகம் போல மேடு பள்ளம் இருக்கும். ஆனால் அந்தக் காரணம் நிற்காது. இந்த நண்டு மிகச் சிறியது, சாப்பிடப் பிடிப்பதே இல்லை. வலையில் சிக்கினால் முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தப் பள்ளங்கள் உள்ளே தசை ஒட்டும் இடங்கள். ஜப்பானுக்கு வெளியே உள்ள இன நண்டுகளிலும் இதே போன்ற அமைப்பு உண்டு.

டான்-னோ-உரா பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1185 ஏப்ரல் 25, ஷிமோனோசெகி நீரிணை. மேற்குக் கடலில் பழகிய தைராக்களுக்குக் கப்பல் சண்டை கைவந்தது. ஆனால் அவர்கள் பக்கம் இருந்த ஷிகோகு தலைவர் தகுச்சி ஷிகெயோஷி கட்சி மாறினார் என்கிறது கதை. முடிவு தெரிந்ததும், கியோமோரியின் மனைவி தோகிகோ தன் பேரனான பேரரசர் அன்டோகுவை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தார். குழந்தைக்கு அப்போது ஆறு வயதுதான்! அரச சின்னங்களில் ஆடியும் மணியும் மீண்டன, வாள் மீளவில்லை. குழந்தையின் தாய் கென்ரெய்மோன்-இன்னைக் கூந்தலில் கொக்கி போட்டு இழுத்துக் கரையேற்றினார்கள். மீதி வாழ்நாளை ஓஹாராவின் ஜாக்கோ-இன்னில் துறவியாகக் கழித்தார். 19ஆம் நூற்றாண்டில் உதாகாவா குனியோஷி, செத்த தைராக்களின் ஆவிகள் யோஷிட்சுனேவின் படகை மறிக்கும் காட்சியை மூன்று தாள் அச்சுப்படமாகச் செய்தார். அடிவானம் முழுக்கக் கரிய நிழல் உருவங்கள். கட்டாயம் தேடிப் பாருங்கள்.

#13 கீற்றோவியம்

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் வென்ற பிறகு மினமோட்டோவுக்கு என்ன ஆனது? நிலம் கிடைத்த சிபா, மியுரா எல்லாம் நிம்மதியாக இருந்தார்களா?

#14 பழங்கணக்கு

இல்லை. கசுசா ஹிரோட்சுனேவை, போர் முடியும் முன்பே, 1183 கடைசியில் யோரிடோமோ கொல்ல வைத்தார். டான்-னோ-உராவில் வென்று கொடுத்த தம்பி யோஷிட்சுனேவை 1189இல் வடக்கே ஹிராய்சுமியில் சாகடித்தார். அந்தத் தலையை மதுவில் ஊறவைத்துக் காமகுராவுக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு அடைக்கலம் கொடுத்த வடக்குப் புஜிவாரா குடும்பத்தையும் அதே ஆண்டு அழித்தார். பலன் என்னவென்றால், 1185 கடைசியிலேயே, தம்பியைத் தேடுகிறேன் என்ற பெயரில், மாகாணக் காவலர்களையும் நில மேலாளர்களையும் நியமிக்கும் உரிமையை அவையிடமிருந்து வாங்கிவிட்டார். 1192இல் ஷோகுன், அதாவது நாட்டின் தலைமைப் படைத்தலைவர், ஆனார்.

அடுத்த தலைமுறை அதைவிட மோசம். மூத்த மகன் யோரியியே பதவி பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இளையவர் சானெதோமோவை 1219இல் ட்சுருகாவோகா கோயிலில் யோரியியேவின் மகனே வெட்டினார். மூன்று ஷோகுன்களோடு யோரிடோமோவின் நேர்வழி முடிந்தது. ஆட்சி தைரா வழி வந்த ஹோஜோக்களின் கைக்குப் போனது. குலக் கணக்குப்படி பார்த்தால் கடைசியில் வென்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மியுரா 1247 வரை தாங்கினார்கள். ஹோஜோக்கள் அவர்களைச் சுற்றி வளைத்தபோது, யோரிடோமோவின் நினைவு மண்டபத்துக்குள் போய், அங்கே மாட்டியிருந்த அவருடைய உருவப்படத்தின் முன்னால் ஐந்நூறு பேருக்கு மேல் உயிரை விட்டார்கள். சிபா குடும்பத்தின் கசுசா கிளையும் அதோடு அழிந்தது. அவர்களுடைய நிலங்களும் புதிதாகப் பங்குபோடப்பட்டன.

#15 கீற்றோவியம்

அந்த உருவப்படம் இப்போது இருக்கிறதா? கறுப்பு உடையில், கையில் கோலோடு உட்கார்ந்திருக்கும் யோரிடோமோ படம் எல்லாப் புத்தகங்களிலும் வருகிறதே, அதுவா?

#16 மைக்கூடு

இல்லை. நீங்கள் சொல்வது கியோட்டோவின் ஜிங்கோஜி கோயில் படம். நீண்ட காலம் அது யோரிடோமோ என்றே பள்ளிப் புத்தகங்களில் இருந்தது. 1995இல் கலை வரலாற்றாளர் யோனெகுரா மிச்சியோ, அது 14ஆம் நூற்றாண்டின் அஷிகாகா ததாயோஷி என்று வாதிட்டார். பட்டின் அகலம், வரைந்த முறை, கோயிலில் கிடைத்த பழைய ஆவணம் எல்லாவற்றையும் அலசியிருக்கிறார். அதன் பிறகு பல புத்தகங்கள் 'யோரிடோமோ எனக் கூறப்படும் உருவம்' என்று மாற்றிக்கொண்டன. அவருடைய முகத்துக்கு நெருக்கமானதைப் பார்க்க வேண்டுமானால், கோஃபு நகரத்தின் கய் ஸென்கோஜியில் உள்ள மரச்சிலையைத் தேடுங்கள். அடுத்ததாக ரொகுஹாரா சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கவசங்களின் நாடாக் கோர்வை பாஸ்டன் சுருளைவிடத் தெளிவாகத் தெரியும். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், நாணொலி ஒவ்வொரு கவசமாக விளக்குவார் என்று நம்புகிறேன்.